‘வரை’ என்ற கட்டத்தில் என்ன போடுவது?

நூலக வேலை என்றால் உட்கார்ந்த இடத்தில் படித்துக்கொண்டே சம்பளம் வாங்கும் வேலை என்று எங்கள் தெருவில் எல்லோரும் நினைக்கிறார்கள். ஒரு பத்திரிகை எந்த வருஷம் முதல் எந்த வருஷம் வரை நம்மிடம் இருக்கிறது என்ற விவரத்தை ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவதை அவர்கள் யாரும் பார்த்ததில்லை. உங்கள் ஆபீசிலும் பழைய கம்ப்யூட்டரை எடுத்துவிட்டுப் புதியது வைத்தார்கள் என்றால் நீங்கள் எனக்குச் சொந்தக்காரர். என் வயிற்றெரிச்சல் உங்களுக்குப் புரியும்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. ஏற்காட்டில், ஒண்டிக்கடை முக்கிலிருந்து நடந்து போகும் தூரத்தில், ஒரு அறக்கட்டளை நடத்திய சிறிய நூலகம். காபி, மிளகு, ஆரஞ்சு, தேனீ என்று மலை விவசாயம் சம்பந்தப்பட்ட பத்திரிகைகள்தான் அங்கே முக்கியம். நூலகர் ராஜாமணி சார். அவருக்குக் கீழே நான் ஒருத்தி. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். பிறகு டைப்ரைட்டிங் பழகியிருந்தேன். அந்த ஒரு பாவத்துக்காகத்தான் கம்ப்யூட்டர் என் தலையில் விழுந்தது.

ஒரே ஒரு பட்டன்

எங்களிடம் ஏற்கனவே ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. கறுப்புத் திரை, பச்சை எழுத்து. ஒவ்வொரு பத்திரிகைக்கும் ஒரு வரி. பெயர், ‘முதல்’, ‘வரை’, கடைசியில் ‘குறிப்பு’. நின்று போன பத்திரிகைக்கு இரண்டு வருஷங்களையும் போடுவோம். இன்னும் வந்துகொண்டிருக்கும் பத்திரிகைக்கு ‘வரை’யைக் காலியாக விட்டுவிடுவோம். நிற்காத பத்திரிகைக்கு வேறு என்னதான் போடுவது?

கோயம்புத்தூரில் இருந்த தலைமை அலுவலகம் எல்லாக் கிளைகளுக்கும் பொதுவாக ஒரு புதிய சிஸ்டம் வாங்கியது. பழைய விவரத்தை பிளாப்பியில் ஏற்றி அனுப்பினால் அவர்கள் புதியதில் சேர்த்துக்கொள்வார்களாம். கூடவே ஒரு கடிதமும் வந்தது. எல்லாக் கிளைகளின் விவரமும் சேர்ந்த பிறகு, எந்தக் கிளைக்குப் புதிதாக எந்தப் பத்திரிகையும் வருவதில்லையோ அதை மூடிவிட்டு, புத்தகங்களைக் கொண்டுபோய்விடுவார்களாம். சாருக்குப் பரவாயில்லை, கீழே எங்காவது மாற்றிவிடுவார்கள். எனக்கு இந்த வேலை போனால் கிளியூர்ப் பக்கம் எஸ்டேட் சரிவில் காபிப் பழம் பறிக்கத்தான் போகவேண்டும். என் முட்டி இருந்த இருப்புக்கு அது நடக்கிற காரியமில்லை. அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை. தலைமை அலுவலகத்தில் இந்த மாற்றத்தைக் கவனித்துக்கொண்ட வசந்தா மேடத்துக்கு போன் போட்டு, தப்பாகிவிடாதே என்று கேட்டேன். அவர் சிரித்தார்.

“ஏனுங்க செல்லம்மா, ஒரே ஒரு பட்டன்தானுங்க. அதைத் தட்டிட்டு டீ குடிக்கப் போங்க, வர்றதுக்குள்ள முடிஞ்சிருக்கும்.”

அலமாரிக்குள் பல்பு

மழைக்காலத்தில் எங்கள் ஊரில் எதை வைத்தாலும் பூசணம் பூக்கும். செருப்பில் பூக்கும், பெல்ட்டில் பூக்கும், புத்தக அட்டையில் பூக்கும். அதனால் முக்கியமான பொருள்கள் வைக்கிற அலமாரிக்குள் ஒரு பல்பைத் தொங்கவிட்டு எந்நேரமும் எரியவிடுவோம். அந்தச் சூட்டில் ஈரம் அண்டாது. ஏற்காட்டில் வசதியான வீடுகளில் பட்டுப்புடவை இப்படித்தான் தப்பிக்கிறது. பட்டன் தட்டி, விவரம் ஏறிய பிளாப்பிகளை என் வாழ்க்கையே அதில் இருப்பதுபோல் துணியில் சுற்றி, அந்த அலமாரியில், பல்புக்குப் பக்கத்துத் தட்டில் வைத்துப் பூட்டினேன்.

அவற்றை வாங்கிப் போகச் சேலத்திலிருந்து கம்ப்யூட்டர்காரர் ஸ்ரீதர் வந்தார். கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் திரும்பிய திருப்பில் முகம் வெளுத்துப் போயிருந்தது. ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு பிளாப்பியைக் கேட்டார். நான் பெருமையாக அலமாரியைத் திறந்து, துணியைப் பிரித்து நீட்டினேன். அவர் ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தார். அது ஓரம் தூக்கிக்கொண்டு ஆடியது.

“அக்கா, டேட்டாவைப் பத்திரமா வைக்கச் சொன்னா, அப்பளம் மாதிரி சுட்டு வச்சிருக்கீங்களே!”

பெட்டியில் இருக்கும் இதழ்

மறுபடி ஏற்றினோம், மறுபடி அனுப்பினோம். கோயம்புத்தூரிலிருந்து புதிய சிஸ்டத்தின் பிரிண்ட் அவுட் தபாலில் வந்தது. அதைத்தான் இனி வாசகர்களுக்குக் காட்ட வேண்டும் என்று உத்தரவு. அதைக் கதவுக்குப் பக்கத்தில் நூல் கட்டித் தொங்கவிட்டேன். நன்றாகத்தான் இருந்தது, வாழவந்தியிலிருந்து ராமன் கவுண்டர் வரும்வரை.

கவுண்டருக்கு ஆரஞ்சு மரங்கள் உண்டு. அந்த வருஷம் மரம் மரமாகப் பட்டுப்போய்க்கொண்டிருந்தது. எங்களிடம் இருந்த, நின்று போன தமிழ் விவசாய மாத இதழ் ஒன்றில் முன்பு எப்போதோ இதே நோயைப் பற்றி வந்திருக்கிறது என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். மழையில் நனைந்து, பஸ் பிடித்து வந்து, பிரிண்ட் அவுட்டைக் காட்டி, அந்த வருஷத்து இதழ் வேண்டும் என்றார். பட்டியலில் முதலிலிருந்து கடைசிவரை ஒரு வருஷம் விடாமல் இருந்தது. ஷெல்ஃபில் அந்த வருஷம் மட்டும் இல்லை. அது ஒரு மழையில் கூரை ஒழுகி, கூழாகி, தூக்கிப் போட்டது. அதை நாங்கள் ‘குறிப்பு’ கட்டத்தில் எழுதித்தான் வைத்திருந்தோம். புதிய சிஸ்டத்தில் ‘குறிப்பு’ என்ற கட்டமே கிடையாது. எங்களிடம் இல்லாத இதழ்களெல்லாம் ஒரே நாளில் எங்களிடம் இருப்பதாக ஆகிவிட்டன.

கம்ப்யூட்டரில் இருக்கிறது, அலமாரியில் இல்லை என்று நான் விளக்கினேன். கவுண்டர் குடையை மடக்கி மடியில் வைத்துக்கொண்டு பொறுமையாகக் கேட்டார். மரம் சாகிற மனுஷனிடம் இதைச் சொல்ல எனக்கே கேவலமாக இருந்தது. கடைசியில் அவர் மேஜைமேல் இருந்த கம்ப்யூட்டரை ஒருமுறை சுற்றிப் பார்த்தார்.

“ஏனுங்கம்மிணி, பொட்டியில இருக்குதுங்கறீங்க. அப்பறமென்ன, பொட்டியத் தொறந்து எடுத்துக் குடுங்க.”

பிறந்த வருஷமே போனவை

கவுண்டர் போன பிறகுதான் சாரும் நானும் பிரிண்ட் அவுட்டை வரிவரியாகப் பார்த்தோம். முன்பே பார்த்திருக்க வேண்டும் என்று சொல்வீர்கள். உங்களுக்கு அப்படி ஒரு நீளப் பட்டியல் வந்தால் நீங்கள் பார்ப்பீர்களா?

நின்று போன பத்திரிகைகள் எல்லாம் ஒழுங்காக நின்றிருந்தன. வந்துகொண்டிருப்பவைதான் போச்சு. ‘வரை’யில் நாங்கள் விட்ட காலி இடத்தைப் புதிய சிஸ்டம் பொறுத்துக்கொள்ளவில்லை. ‘முதலி’ல் இருந்த வருஷத்தையே எடுத்து ‘வரை’யிலும் போட்டுக்கொண்டது. 1968இல் ஆரம்பித்த காபிப் பத்திரிகை 1968இலேயே முடிந்துவிட்டது. தேனீப் பத்திரிகையும் அப்படியே, மிளகுப் பத்திரிகையும் அப்படியே. பட்டியல்படி எங்களுக்கு இப்போது வருவது ஒன்றுகூட இல்லை. மூடுவதற்கு எப்படிப்பட்ட கிளையைத் தேடினார்களோ, அச்சு அசலாக அதுவாக நாங்கள் ஆகியிருந்தோம். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடியும் கழற்றினார்.

“செல்லம்மா, இதுப்படி பார்த்தா இத்தனை வருஷமா நீயும் நானும் எதைப் பிரிச்சு எதை அடுக்கினோம்னே தெரியலையேம்மா.”

கையில் இருப்பது

உடனே கோயம்புத்தூருக்கு போன் போட்டு, டிரங்க் காலில் பேசுவதுபோலக் கத்திப் பேசினேன். எஸ்.டி.டி. வந்துவிட்டிருந்தாலும் மழைக்காலத்தில் எங்கள் லைனுக்கு அந்தக் கத்தல் தேவைப்பட்டது. நல்லவேளையாக அன்று காலைத் தபாலில் காபிப் பத்திரிகையின் புது இதழ் வந்திருந்தது. உறைகூட முழுதாகக் கிழிக்கவில்லை. அதை ரிசீவர் பக்கத்தில் வைத்துப் பக்கங்களைப் புரட்டிச் சத்தம் கேட்கச் செய்தேன். இப்போது நினைத்தால் பைத்தியக்காரத்தனம்தான். பயத்தில் இருக்கிறவளுக்கு அதெல்லாம் தோன்றாது.

வசந்தா மேடம் சத்தத்தைக் கேட்டுக்கொண்டார். பிறகு பட்டியல் மேலிடத்துக்குப் போய்விட்டது என்றார். அடுத்த வாரம் வேன் ஏற்பாடாகிறது, அதற்குள் திருத்திய பிளாப்பி வந்தால் பார்க்கலாம் என்றார். வேன் என்றால் புத்தகங்களை அள்ளிப்போகத்தான். மேடம், பத்திரிகை என் கையிலேயே இருக்கிறது, இன்றைக்குத்தான் வந்தது என்று அழாத குறையாகச் சொன்னேன். அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது.

“இருக்கலாமுங்க செல்லம்மா, நான் நம்பறேன். ஆனா உங்க கையில இருக்கறது அறுபத்தெட்டுலயே நின்னு போச்சுங்களே.”

நான்கு இலக்கம்

ஸ்ரீதரை மறுபடி வரவழைத்தோம். மறுபடி வெளுத்த முகம், மறுபடி ஒரு டம்ளர் தண்ணீர். அவர் சொன்னது இதுதான்: ‘வரை’யைக் காலியாக விடக்கூடாது. எழுத்தும் போடக்கூடாது. நான்கு இலக்கத்தில் ஒரு வருஷம் வேண்டும். இந்த வருஷத்தையே போட்டுவிடலாம் என்றேன். அப்படிப் போட்டால் டிசம்பர் முடிந்ததும் எல்லாம் மறுபடி நின்றுவிடும் என்றார். அடுத்த வருஷம்? அடுத்த வருஷக் கடைசியில் நிற்கும். வருஷா வருஷம் இதே பாடுபட என்னால் ஆகாது என்று சொல்லிவிட்டேன். அப்படியென்றால் 9999 என்று போடுங்கள், அதற்குமேல் நான்கு இலக்கத்தில் வருஷமே இல்லை என்றார் ஸ்ரீதர்.

ராஜாமணி சார் ஒப்புக்கொள்ளவே இல்லை. நூலகப் பதிவில் பொய் எழுதுவதா என்றார். ஒரு தேனீப் பத்திரிகை அத்தனை காலம் வரும் என்று நாம் எப்படி உத்தரவாதம் கொடுப்பது என்றார். பொய்யா மெய்யா என்பது எனக்கு முக்கியமாகத் தெரியவில்லை, வேன்தான் தெரிந்தது. நான் அவருக்கு எதிரில் உட்கார்ந்து, ஒவ்வொரு பத்திரிகையாக 9999 அடிக்க ஆரம்பித்தேன். நடுவில் கரண்ட் போனது. வந்ததும் முதலிலிருந்து அடித்தேன். மறுபடி போனது. மூன்றாம் முறை முதலிலிருந்து ஆரம்பித்தபோது சார் எழுந்து போய்விட்டார். திரும்பி வந்து, யாராவது விளக்கம் கேட்டால் யார் பதில் சொல்வது என்று முனகினார். ஸ்ரீதர் பையை மாட்டிக்கொண்டே சொன்னார்.

“கவலைப்படாதீங்க சார், தப்புன்னு கண்டுபிடிக்கறப்ப நாம மூணு பேருமே லீவுலதான் இருப்போம்.”

வேன்

பிளாப்பி போனது. போய்ச் சேர்ந்ததா, ஏற்றினார்களா, எதுவும் தெரியவில்லை. எங்கோ மரம் விழுந்து போன் லைன் செத்துக் கிடந்தது. நான் தினமும் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துப் பார்ப்பேன். ஒரு சத்தமும் இருக்காது. சார் தன் மேஜை டிராயரைக் காலி செய்ய ஆரம்பித்ததைப் பார்த்ததும் எனக்கு இருந்த கொஞ்ச தைரியமும் போனது.

வாரம் முடிவதற்குள் வேன் வந்தது. பனிக்குள்ளிருந்து முதலில் இரண்டு மஞ்சள் விளக்குகள் தெரிந்தன, பிறகு வண்டி. நான் வாசலில் போய் நின்றேன். கதவை மறித்தா நின்றேன் என்று கேட்டால், ஆமாம், மறித்துத்தான் நின்றேன். முட்டி வலி அப்போது தெரியவில்லை. டிரைவர் சேலத்துக்காரர், பனியில் நடுங்கிக்கொண்டே இறங்கி, நேரே போய் வண்டியின் பின்கதவைத் திறந்தார். உள்ளே காலியாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன். கூரைவரை கட்டுக் கட்டாகப் பத்திரிகைகள்.

அவர் கொண்டுவந்த கடிதத்தை சார் இரண்டு தடவை படித்தார். சமவெளியில் இருந்த இன்னொரு கிளையில் இருபது பத்திரிகைக்குமேல் வருகிறது. ஆனால் அவர்களும் ‘வரை’யைக் காலியாக விட்டிருக்கிறார்கள், திருத்தவில்லை. அதனால் அதை மூடிவிட்டார்கள். வேலை செய்தவர்களைக் கோயம்புத்தூரில் மின்விசிறிக்குக் கீழே உட்காரும் வேலையில் போட்டுவிட்டார்கள். அந்தக் கிளையின் சொத்து முழுவதும் இனி எங்களுக்கு. கூடவே அவர்களுடைய பழைய பிளாப்பிகள், எல்லாவற்றையும் எங்கள் விவரத்தோடு சேர்த்துப் புதிதாக மாற்றி அனுப்பவேண்டும் என்ற உத்தரவோடு. எங்களை எதற்குத் தேர்ந்தெடுத்தார்கள் என்று நான் வாய்விட்டுக் கேட்டுவிட்டேன். டிரைவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து மறுபடி இறுக்கிக் கட்டினார்.

“எனக்கென்னங்க தெரியும்? ஒங்க ஊருக்கு மட்டும் ஒம்பதாயிரத்துச் சொச்சம் வருசம் வரைக்கும் புஸ்தகம் வருமாமே, அதனால எல்லாம் அங்கயே கெடக்கட்டும்னுட்டாங்க. பனி நொம்ப எறங்குது, சீக்கிரம் சொல்லுங்க, எறக்கறதுக்கு ஆளு இருக்குதுங்களா, இல்ல நீங்களேதானா?”

வேலை போய்விடக்கூடாது என்று அந்த வாரம் முழுக்க நான் வேண்டிக்கொண்டது அப்படியே பலித்துவிட்டது, கொஞ்சம் அளவாக வேண்டியிருக்கலாம்.