ஒன்றும் வளராத தட்டு

செல்வராணியின் கை சுத்தமாக இருந்தது. அது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான், வகுப்பே பார்த்திருக்க, "உன் கை அழுக்கு" என்று சொன்னேன்.

என் குற்றம் இவ்வளவுதான். இதோடு நிறுத்திக்கொள்ள எனக்கும் ஆசைதான்... ஆனால் நீங்கள் விடமாட்டீர்கள். ஏன் சொன்னாய் என்று கேட்பீர்கள். கேளுங்கள். இத்தனை வருடமாக ஒருவரும் கேட்கவில்லை. அந்தத் தைரியத்தில்தான் நான் தலைவாரிப் பூ வைத்து, கல்லூரிக்குப் போய், கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

சங்கரன்கோவிலில் ஒரு தனியார் கல்லூரியில் நுண்ணுயிரியல் கற்பிக்கிறவள் நான். பாக்டீரியா என்றால் என்ன, அதன் செல்சுவர் எப்படிப்பட்டது, ஊதாச் சாயத்தை விடாமல் பிடித்துக்கொள்ளும் வகை எது, ஆல்கஹால் பட்டதும் கைவிடும் வகை எது, ஒன்று இரண்டாகப் பிளந்து எப்படிப் பெருகுகிறது... முதலாண்டுப் பிள்ளைகளுக்கு இதையெல்லாம் சொல்லிக்கொடுப்பதுதான் என் பிழைப்பு. கண்ணுக்குத் தெரியாததைக் கண்ணுக்குக் காட்டுகிற படிப்பு இது என்று ஒவ்வொரு ஆண்டும் முதல் வகுப்பில் பெருமையடித்துக்கொள்வேன். கண்ணெதிரே தெரிந்ததை மறைத்தவள் வாயிலிருந்து வருகிற பேச்சு!

எங்கள் செய்முறை வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. அவரவர் குடிக்கிற தண்ணீரை, நாங்கள் கொடுத்தனுப்பும் கிருமி நீக்கிய சீசாவில் பிடித்துக்கொண்டு வரவேண்டும். வாசுதேவநல்லூர்ப் பிள்ளை தோட்டத்துக் கிணற்றுத் தண்ணீர் கொண்டுவரும். சிவகிரிப் பிள்ளை தெருக்குழாய்த் தண்ணீர் கொண்டுவரும். அதை முதலில் திரவத்தில் வளரவிட்டு, பிறகு கிருமிக்குத் தீனியான வளர்தளம் ஊற்றிய கண்ணாடித் தட்டில் அதைக் கம்பியால் தொட்டுக் கோடு இழுத்து, உடல் சூட்டில் ஒரு நாள் வைத்துப் பார்ப்போம். மலக்கழிவிலிருந்து வருகிற பாக்டீரியா தண்ணீரில் இருந்தால், அந்தக் கருஞ்சிவப்புத் தளத்தின்மேல் பொன்வண்டின் முதுகைப் போலப் பச்சையாக மினுங்கும். பிள்ளைகளுக்கு அது ஒரு திருவிழா. யார் ஊர்த் தண்ணீர் மினுங்குகிறது என்று ஒருத்தியை ஒருத்தி கேலி செய்துகொள்வார்கள்.

செல்வராணி ராயகிரிக்காரி. வெள்ளாமை வீட்டுப் பெண். அவள் வீட்டிலிருந்து கல்லூரிக்குள் கால் வைத்த முதல் ஆள் அவள்தான். தினமும் பஸ்ஸில் வந்துபோவது சரிப்படாது என்று கல்லூரி விடுதியில் சேர்த்திருந்தார்கள். ஆகவே அவள் பிடித்து வந்தது விடுதித் தண்ணீர்.

"மேடம், இங்கன கொஞ்சம் வந்து பாருங்களேன். பச்சையா மினுங்குது!"

அந்தக் குரலில் என்ன சந்தோஷம் தெரியுமா? பயமே இல்லை. தானாக ஒன்றைக் கண்டுபிடித்துவிட்ட குழந்தையின் சந்தோஷம்.

போய்ப் பார்த்தேன். தட்டு முழுக்கப் பச்சை. அந்தப் பச்சை நிறக் கிருமி அநேகமாக யாரையும் கொன்றுவிடாது. ஆனால் அது ஒரு தகவல் சொல்கிறது. கழிவு எங்கோ குடிநீரில் கலக்கிறது, வழி திறந்திருக்கிறது, அதே வழியாக டைபாய்டும் வரலாம், மஞ்சள் காமாலையும் வரலாம் என்கிறது. விடுதி முழுக்க அந்தத் தண்ணீரைத்தான் குடித்தது.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? அந்தத் தட்டை அப்படியே எடுத்துக்கொண்டு தாளாளர் அறைக்குப் போயிருக்க வேண்டும். படிகளில் ஏறினால் அவர் அறை. அவ்வளவுதான் தூரம்!

ஆனால் அடுத்த வாரம் பல்கலைக்கழக ஆய்வுக்குழு வருவதாக இருந்தது. சுவருக்கெல்லாம் புதுச் சுண்ணாம்பு. பூந்தொட்டிகளுக்குக்கூடக் காவி அடித்தாகிவிட்டது. குழு வந்துபோனதும் துறைத்தலைவர் நாற்காலி உங்களுக்குத்தான் என்று தாளாளர் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். யாரும் என்னை மிரட்டவில்லை, நம்புங்கள். யாராவது மிரட்டியிருந்தால் இன்றைக்கு அவர்மேல் பழியைப் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குவேன். நானே நினைத்து, நானே பயந்து, நானே முடிவு செய்தேன்.

எங்கள் துறையில் ஒரு சொல் இருக்கிறது. கன்டாமினேஷன். சோதனைப் பொருளில் இல்லாத கிருமி வெளியிலிருந்து தட்டில் ஒட்டிக்கொள்வது. நல்ல சொல்தான், தேவையான சொல்தான். ஆனால் வேண்டாத முடிவு வந்தால் அதை மாணவியின் தலையில் கட்டிவிடுவதற்கும் அது வாகான சொல். மூடியை அதிக நேரம் திறந்து வைத்தாய், பேசிக்கொண்டே கோடு இழுத்தாய், கை கழுவவில்லை... ஆசிரியை சொன்னால் எந்தப் பிள்ளை மறுத்துப் பேசும்?

"ஏ பிள்ள, கைய ஒழுங்கா கழுவுனியா?"

"கழுவினேன் மேடம். ஸ்பிரிட்டும் போட்டேன்."

"கழுவியிருந்தா இது எப்படி வரும்? இது மனுசக் குடல்ல இருக்கிற கிருமி. ஒன் கையிலருந்துதான் வந்திருக்கு. கன்டாமினேஷன்!"

யாரோ ஒருத்தி பின்வரிசையில் மூக்கைப் பொத்திக்கொண்டாள். வகுப்பு கொல்லென்று சிரித்தது. சிரிப்பை அடக்க வேண்டியவள் நான். நான் அடக்கவில்லை.

செல்வராணி சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. இன்னொரு தட்டை என் முன்னால் மெதுவாக நகர்த்தினாள். "காய்ச்சி ஆத்துன தண்ணியையும் இதே மாதிரி செஞ்சு வச்சேன் மேடம். நீங்க சொன்னீங்கள்ல, ஒப்பிட்டுப் பாக்க ஒண்ணு வைக்கணும்னு..."

ஆம், நான்தான் சொல்லியிருந்தேன். அதே நாள், அதே மேசை, அதே கை. அவள் கையில் அழுக்கு இருந்தால் இந்தத் தட்டிலும் மினுங்கியிருக்க வேண்டும். குனிந்து பார்த்தேன். ஒரு புள்ளி இல்லை! ஊற்றியபோது இருந்தது போலவே பளிச்சென்று இருந்தது. அந்தப் பெண்ணின் கை சுத்தம் என்பதற்கு உலகத்தில் இருந்த ஒரே சாட்சி அது. அதன் அர்த்தம் அந்த அறையில் முழுமையாகப் புரிந்தது எனக்கு ஒருத்திக்குத்தான். அவளுக்கு அரைகுறையாகத்தான் புரிந்திருந்தது. என்னிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்றுதான் நகர்த்தினாள்.

"இதுல ஒண்ணும் இல்லையே. இத எதுக்குக் காட்டுத?" என்றேன்.

அன்று வகுப்பு முடிந்ததும் இரண்டு தட்டுகளையும் நானே கொண்டுபோய் ஆட்டோகிளேவில் வைத்தேன். வளர்த்த கிருமியை நீராவியில் வேகவைத்துக் கொன்றுவிட்டுத்தான் வெளியே எறியவேண்டும் என்பது விதி. விதிப்படி செய்தேன் என்று மனசுக்குச் சொல்லிக்கொண்டேன். கிருமி இருந்த தட்டை வேகவைத்தது விதி. ஒன்றுமே வளராத தட்டை ஏன் வேகவைத்தேன்?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இதைச் சொல்லத்தான் எனக்கு நாக்கு கூசுகிறது. மறுநாளிலிருந்து நான் கல்லூரித் தண்ணீரைத் தொடவில்லை, வீட்டிலிருந்து தண்ணீர் கொண்டுபோனேன். பெரிய எவர்சில்வர் பாட்டில். காய்ச்சி, ஆறவைத்து, வடிகட்டி... அவள் தட்டை நான் அவ்வளவு நம்பினேன்!

ஆய்வுக்குழு வந்தது, பாராட்டியது, போனது. நாற்காலி எனக்குக் கிடைத்தது. அப்புறம் விடுதியில் ஒவ்வொரு பெண்ணாகக் காய்ச்சலில் விழுந்தார்கள். முதலில் விழுந்தவள் செல்வராணி. டைபாய்டு. அவள் விடுதித் தண்ணீரை நிறுத்தவே இல்லை. ஏன் நிறுத்துவாள்? தண்ணீரில் குற்றமில்லை, உன் கையில்தான் குற்றம் என்று அவள் ஆசிரியை சொல்லிவிட்டாளே! தன் கண்ணால் பார்த்ததைவிட என் வார்த்தையை நம்பினாள்.

அத்தோடு முடியவில்லை. அவளுக்குத்தான் முதலில் வந்தது என்பதால், அவள்தான் கொண்டுவந்தாள் என்று விடுதியில் பேச்சு கிளம்பியது. "லேப்புல கிருமியத் தொட்டுட்டு அந்தக் கையோடதானட்டி எங்க சோத்துத் தட்டையும் தொடுத!" என்று அறைத் தோழியே சண்டை பிடித்தாளாம். நுண்ணுயிரியல் படிக்கிறவள் கையோடு நோயைத் தூக்கிக்கொண்டு வருவாள் என்று மற்றப் பிள்ளைகளும் சேர்ந்து நம்பினார்கள். விடுதிக் காப்பாளர் என்னிடம் வந்து கேட்டார்.

"அந்தப் பிள்ளைக்குக் கை சுத்தம் பத்தாதுன்னு நீங்கதான் சொன்னீங்களாமே மேடம்?"

உண்மையைச் சொல்ல எனக்கு இரண்டாவது முறையாக ஒரு வாய்ப்பு. அதையும் பாழாக்கினேன்.

"ஆமா... கொஞ்சம் கவனக்குறைவான பிள்ளதான்."

டிரங்குப் பெட்டியோடு அவளை அழைத்துப்போக அவள் அப்பா வந்திருந்தார். காய்ச்சலில் முடி கொட்டி, தலையைத் துண்டால் மூடிக்கொண்டு அவர் பின்னால் நின்றாள். அவர் என்னைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டார். "எம்மா, எம் பிள்ள கையக் கழுவாம இத்தன பிள்ளைகளுக்கு நோவு வர வச்சிட்டா. படிக்கத் தெரியாத சனம்... மனசுல வச்சிக்கிடாதீங்க."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பரவாயில்ல" என்றேன்! மன்னித்து அனுப்பினேன், பெரிய மனசுக்காரி!

அவள் திரும்பி வரவே இல்லை. அந்த விடுமுறையில் விடுதிக்குப் பின்னால் மண்ணைத் தோண்டினார்கள். கழிவறைச் சாக்கடையும் குடிநீர்க் குழாயும் ஒட்டி ஒட்டிப் போன இடத்தில் குழாய் விண்டிருந்தது. காதும் காதும் வைத்தாற்போலப் புதுக் குழாய் போட்டு மண்ணை மூடினார்கள். நான் மாடி ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீங்கள் கேட்கலாம், இதையெல்லாம் அவளிடம் போய்ச் சொல்லாமல் என்னிடம் ஏன் சொல்கிறாய் என்று. நியாயம்தான். நீங்கள் என்னை ஒன்றும் செய்துவிட முடியாது, அதனால் சொல்கிறேன். இந்த வாக்குமூலத்திலும் பாதி கோழைத்தனம்தான்.

ஏனென்றால் அவளிடமே சொல்லும் வாய்ப்பும் எனக்கு வந்தது. சென்ற ஆடித் தபசுத் திருவிழாவுக்கு முந்தைய வாரம், கோவிலுக்குப் போகிற வழியில் ஒரு பூக்கடை முன்னால் நின்றேன். "மேடம்!" என்று ஒரு குரல். செல்வராணிதான். கொஞ்சம் சதை போட்டிருந்தாள். கணவனின் கடையாம். ஒரு சின்னப் பெண் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றது.

அவள் கைகளைப் பார்த்தேன். சோப்பில் ஊறி ஊறித் தோல் வெளுத்து, விரலிடுக்கெல்லாம் வெடித்திருந்தது.

"என்னட்டி இது கை?"

"ஓயாமக் கழுவுதேன்லா மேடம், அதான்." சாதாரணமாகச் சிரித்தாள். "சாமிக்குப் போற மாலைய நான் தொடுறதில்ல. அவுக கட்டிருவாக. இவளுக்குக்கூடக் கரண்டியாலதான் ஊட்டுதேன். எங் கை ஒரு மாதிரில்லா... ஒங்களுக்குத்தான் தெரியுமே."

எனக்குத்தான் தெரியும். ஆமாம், எனக்கு மட்டும்தான் தெரியும்!

உன் கை சுத்தமாக இருந்தது, செல்வராணி. இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சொன்னால் அடுத்து அவள் கேட்பாளே... அப்போ அன்னைக்கு ஏன் மேடம் அப்படிச் சொன்னீங்க என்று. எதிரே கடைக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தெரிந்தவர்கள் இரண்டு பேர் வணக்கம் வைத்துப் போனார்கள். நான் துறைத்தலைவர் அல்லவா!

"ஒங்களுக்குப் பூ வச்சுவிடட்டுமா மேடம்?" என்று ஆசையாகக் கேட்டாள். ஒரு முழம் மல்லிகையை எடுக்கப் போனவள், சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள். "இருங்க. கையக் கழுவிட்டு ஓடி வந்துருதேன்."

"சரி, போய்க் கழுவிட்டு வா" என்றேன்.