கீழ்வீட்டுச் சீனப்பெண்ணின் பாராட்டு

தொண்ணூறுகளில் இத்தாலியின் பலெர்மோவில், பல்லரோ சந்தைக்கு அருகே இருந்தேன். வதிவிட அனுமதி இல்லாததால் பிற்பகல்களில் வீட்டிலேயே இரகசியமாக மெஷினில் துணி தைத்தேன். கீழ்வீட்டுச் சீனப்பெண் படியில் காணும்போதெல்லாம் இத்தாலியனில், "எவ்வளவு பாடுபடுறீங்கள்! மத்தியானத்திலயும் ஓய்வில்லையோ?" என்று சிரிப்பாள்.

வேவு பார்க்கிறாளோ? பொலிசில் சொல்லிவிடுவாளோ? பயத்தில் தையலை நிறுத்தினேன்.

சில நாளில் அவள் கைக்குழந்தையோடும் ஒரு பை தோடம்பழத்தோடும் வந்து கதவைத் தட்டினாள்.

"பெரிய நன்றி. இப்ப பிள்ளை மத்தியானத்திலை வடிவா நித்திரை கொள்ளுது."

"மெஷின் சத்தமெண்டு நேரை சொல்லியிருக்கலாமே?"

"உழைக்கிற ஆளிட்டை எப்பிடி நிப்பாட்டச் சொல்லுறது?"

அவளுக்குப் பயந்துதான் நிறுத்தினேன் என்பதை மறைத்து, "உள்ளை வாங்கோ" என்றேன். நேராகக் கதைக்க எனக்கும் தெரியாதென்று அன்றுதான் விளங்கியது.