வேதாசலம் கேட்காமல் விட்ட துணைக் கேள்வி

போன மாதம் ஒரு வியாழக்கிழமை காலை, நகரியில் எங்கள் மனமகிழ் மன்றத்தின் செயற்குழு அவசரமாகக் கூடி, கேரம் பலகையை அன்று முழுவதும் மூடி வைப்பது என்று ஒருமனதாகத் தீர்மானித்தது. மன்றத்தின் வரலாற்றில் இதற்கு முன்னுதாரணம் இல்லை. பெருமழையில் கூரை ஒழுகியபோது பலகையை இடம் மாற்றினார்களே தவிர ஆட்டத்தை நிறுத்தவில்லை. மூடும் துணி வெள்ளையாக இருக்க வேண்டுமா, கறுப்பாகவா என்பதில் கருத்து வேறுபாடு எழுந்தது. கைக்குக் கிடைத்தது நீலத் துண்டு என்பதால் அது சுமுகமாகத் தீர்ந்தது. தீர்மானத்தைத் தெரிவிக்க, திருப்பதியில் இருக்கும் என்னைச் செயலாளர் கைபேசியில் அழைத்தார். எதற்காக மூடினீர்கள் என்று கேட்டேன்.

“உனுக்குத் தெரியாதா? எம்.பி. பூட்டாருப்பா. விடிகாலைல.”

வேதாசலம் இறந்த செய்தி எனக்கு வந்தது இப்படித்தான். மாநிலங்களவையில் அவர் இருந்தது ஒரே ஒரு பதவிக்காலம். அது முடிந்து வெகுநாள் ஆகியும் எங்கள் பக்கத்தில் யாரும் அவர் பெயரோடு ‘முன்னாள்’ சேர்த்ததில்லை. அது மரியாதை என்று அவர் நினைத்தார். மறதி என்று நான் நினைத்தேன். இதைப் படிக்கும் உங்களில் பலர் அவரை மேடையில் பார்த்திருப்பீர்கள். வீட்டில் தமிழ், கட்சியில் தெலுங்கு, அவையில் ஆங்கிலம் பேசினார். மூன்றிலும் சுமாரான பேச்சாளர். அது அவருக்கும் தெரியும். “பேசறவனுக்கு மைக்கு வோணும். கேக்கறவனுக்கு எதிர்ல ஒரு ஆளு இருந்தா போதும்” என்பார். அவருடைய கேள்விகளை ஆங்கிலத்தில் எழுதித் தரும் வேலை என்னுடையது.

புத்தூருக்கு மேற்கே மலையடிவாரத்தில் கொல்லைமேடு என்று ஒரு சிற்றூர் உண்டு. ஊரே மல்லிகை பயிரிட்டது. ஊருக்கு முன்னால் ஒரு ராணுவக் கிடங்கு வந்தது. புத்தூர் போகும் சாலை கிடங்கின் வளாகத்துக்குள் போய்விட்டது. மக்கள் அந்த வழியாகப் போகலாம், தடை ஒன்றும் இல்லை. கேட் மட்டும் காலை எட்டு மணிக்குத் திறக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்த ஊர்ச் செங்கம்மா வேதாசலத்தின் வீட்டுக் கூடத்தில் வந்து உட்கார்ந்தார்.

“அண்ணா, எட்டு மணிக்கு கேட்டத் தொறந்தா நான் பூவ எங்க எட்த்துக்கினு போறது? மார்க்கெட்டு அப்போ கழுவி வுட்டுர்றானுங்க.”

“மலைய சுத்திக்கினு ஒரு வழி இருக்குதேம்மா?”

“இருக்குது. நீ ஒரு நாளு கூட வா. போய்ச் சேர்றதுக்குள்ள மொட்டெல்லாம் விரிஞ்சி என்னப் பாத்து சிரிக்கும். விரிஞ்ச பூவ எவன் வாங்குவான்? எங்க மாடே இப்பல்லாம் துன்ன மாட்டேங்குது.”

“டில்லில கேள்வி போடறேன்.”

“போடு, போடு. அங்க காயிதத்துக்கா பஞ்சம்?”

கேள்வி போட்டார். கேட்டைக் காலை ஐந்து மணிக்குத் திறக்கும் உத்தேசம் உண்டா என்று பாதுகாப்பு அமைச்சரைக் கேட்டார். கொள்கையளவில் ஆட்சேபம் இல்லை, கூடுதல் காவலர்கள் தேவை, அது நிதித் துறையின் இசைவுக்கு உட்பட்டது என்று பதில் வந்தது. நான் மகிழ்ச்சியோடு அதை நீட்டினேன். “பதில் வந்துச்சேன்னு சந்தோஷப்படாத. எதுக்கு வந்துச்சுன்னு பாரு” என்றார். அடுத்த கூட்டத்தொடரில் நிதி அமைச்சரைக் கேட்டார். அப்படி ஒரு முன்மொழிவு தமக்கு வரவில்லை என்றார் நிதி அமைச்சர். மறுபடியும் பாதுகாப்பு அமைச்சர்: முன்மொழிவு தயாராகிக்கொண்டிருக்கிறது. மறுபடியும் நிதி அமைச்சர்: வந்தால் தகுதியின் அடிப்படையில் பரிசீலிக்கப்படும். இரண்டு அமைச்சர்களும் பொய் சொல்லவில்லை என்பதை இங்கே பதிவு செய்ய வேண்டும்.

காவலர்களுக்கான பணம் எந்தத் தலைப்பில் வரும் என்று கண்டுபிடிக்க, அவர் பாதுகாப்புத் துறையின் வரவுசெலவுத் திட்டம் முழுவதையும் படித்தார். அதனால் வழியில் தட்டுப்பட்டதையெல்லாம் கேட்க நேர்ந்தது. நீர்மூழ்கிக் கப்பல் ஏன் தாமதம், ஒதுக்கிய பணம் ஏன் செலவாகவில்லை, செலவான பணம் ஏன் ஒதுக்கப்படவில்லை. இவற்றுக்கெல்லாம் அட்டவணையோடு பக்கம் பக்கமாகப் பதில் வந்தது. தில்லிப் பத்திரிகைகள் அவரைப் பாதுகாப்பு நிபுணர் என்று எழுதின. கேட்டுக்கு எப்போதும் ஒரு வரிதான்.

எழுத்தில் வரும் பதிலால் பயனில்லை என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. நட்சத்திரக் குறியிட்ட கேள்வி குலுக்கலில் முன்னால் வந்தால்தான், உறுப்பினர் எழுந்து வாய்மொழியாக ஒரு துணைக் கேள்வி கேட்கலாம். அமைச்சரும் எழுந்து நின்று அங்கேயே பதில் சொல்ல வேண்டும். குலுக்கலில் அவர் பெயர் கடைசியில் வரும், அல்லது வரவே வராது. ஆறாவது ஆண்டில் ஒருநாள் முதலாவதாக வந்தது. துணைக் கேள்வியை எழுதித் தரட்டுமா என்று கேட்டேன்.

“எழுத ஒண்ணும் இல்ல. ரெண்டு மந்திரியும் ஒரே வரிசைலதான் குந்திக்கினு இருக்காங்க. நடுவுல எத்தினி நாற்காலின்னு கேக்கப் போறேன்.”

“அது ஒரு கேள்வியா சார்?”

“அந்தக் காயிதம் போவ வேண்டிய தூரம் அவ்ளோதானே?”

அந்த நாளும் வந்தது. முந்தைய நாள் மாலை, ஏதோ ஒரு விமான நிலையத்தில் அவருடைய கட்சித் தலைவரின் காரை வாசல் வரை விடாமல் காவலர்கள் நிறுத்திவிட்டார்கள். இதைத் தேசிய அவமானம் என்று கட்சி முடிவு செய்தது. உறுப்பினர்கள் அனைவரும் அவையின் நடுவே சென்று முழக்கமிட வேண்டும் என்று கொறடா உத்தரவிட்டார். எல்லோர் கையிலும் இந்தியில் எழுதிய அட்டை. நான் பார்வையாளர் மாடத்தில் இருந்தேன். அவைத் தலைவர் முதல் கேள்வி என்று சொல்லி வேதாசலத்தின் பெயரை அழைத்தார். வேதாசலம் அட்டையோடு நடுவே நின்றுகொண்டிருந்தார்.

இருக்கைக்குப் போகாமல் கேள்வி கேட்க முடியாது. அவைத் தலைவர் நல்லவர். “உங்கள் கேள்விதான், இருக்கைக்குப் போங்கள், எடுத்துக்கொள்கிறேன்” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். வேதாசலம் தம் இருக்கையைப் பார்த்தார். பிறகு பக்கத்தில் நின்ற கட்சிக் குழுத் தலைவரைப் பார்த்தார். “அக்கடே உண்டண்டி” என்றாராம் அவர். அங்கேயே இருங்கள் என்று பொருள். அங்கேயே இருந்தார். அவை ஒத்திவைக்கப்பட்டது. விதிப்படி, கேள்விக்கான எழுத்துப் பதில் மேசையில் வைக்கப்பட்டதாகக் கருதப்பட்டது. முன்மொழிவு பரிசீலனையில் உள்ளது என்பது பதில்.

வெளியே வந்ததும், “ஏன் சார் போகல?” என்றேன்.

“போயிருந்தா கேள்வி இருந்திருக்கும், மறுபடியும் சீட்டு இருக்காது. போவல. பாத்துக்கினே இரு, ரெண்டுமே இருக்காது.”

அப்போது அவர் கைபேசி அடித்தது. செங்கம்மா. கொல்லைமேட்டில் டீக்கடைத் தொலைக்காட்சியில் ஊரே கூடி அவையைப் பார்த்திருக்கிறது. பின்னால் வெடிச் சத்தம் கேட்டது.

“அண்ணா, பாத்தோம்! இன்னா கத்து கத்தற நீ! அந்தப் பெரிய மன்சன் போய் உக்காரு, உக்காருன்றான். நீ அசையவே இல்லியே! எங்க ஊரு கேட்டுக்கு இப்டி ஒருத்தன் நிக்கறதப் பாக்க எங்க நைனா இல்லாம பூட்டாரு.”

இந்தி அட்டையை அங்கே யாராலும் படிக்க முடியவில்லை. வேதாசலம் “ஆமாம்மா” என்று சொல்லிக் கைபேசியை வைத்துவிட்டார். அவர்களிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள் என்றேன்.

“இன்னான்னு சொல்றது? எங்க தலைவரு கார வுடலன்னு கத்தினேன்னா?”

அடுத்த வாரம் கொல்லைமேட்டில் அவருக்குப் பாராட்டு விழா நடந்தது. அன்று காலை விற்க முடியாத பூ முழுவதையும் கட்டி, ஆள் உயர மாலையாகப் போட்டார்கள். அவர் நன்றி என்ற ஒரு சொல்லோடு உட்கார்ந்துவிட்டார். அடக்கம் என்று எல்லோரும் மெச்சினார்கள். காரில் திரும்பும்போது கழுத்தை அறுக்கிறதே, கழற்றுங்கள் என்று சொல்லிப் பார்த்தேன். நகரி வந்து சேரும்வரை கழற்றவில்லை.

அதே கேள்வியை மறுபடியும் அனுப்பினோம். ஏற்கெனவே பதில் அளிக்கப்பட்டுவிட்டது என்று திருப்பி அனுப்பினார்கள். சில மாதங்களில் பதவிக்காலம் முடிந்தது. கட்சி வேறொருவரை நிறுத்தியது. அவர் அருமையாக முழக்கமிடுவார்.

கடைசியாக நான் அவரைப் பார்த்தது திருப்பதியில் ஒரு மருத்துவமனையில். சிறுநீரகம் இரண்டும் போயிருந்தது. எப்போது வீட்டுக்குப் போகலாம் என்று மருத்துவரிடம் கேட்டார். பார்க்கலாம் ஐயா, இன்னும் ரிப்போர்ட் வர வேண்டும் என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார். வேதாசலம் என் பக்கம் திரும்பினார்.

“பரிசீலனைல இருக்குதாம்” என்றார்.

அவரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது ஒரே பழக்கம். கேள்வியைச் சின்னதாக்கிக்கொண்டே போக வேண்டும், எதிரில் இருப்பவர் ஆம் அல்லது இல்லை என்று மட்டுமே சொல்லக்கூடிய அளவுக்கு. அதை இப்போதும் செய்கிறேன். அதனால் எங்கேயும் எதுவும் திறந்ததாகச் சொல்ல முடியாது. அவருக்கும் அது தெரியும். தெரிந்தும் ஆறு ஆண்டுகள் கேட்டார். கேட்டிருக்க வேண்டிய ஒரு நாள் கேட்கவில்லை.

சாவுக்குச் செங்கம்மா வந்திருந்தார். “எங்களுக்காக அன்னிக்கு அசையாம நின்னாரு பாரு, அத இன்னொருத்தன் செய்ய மாட்டான்” என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். என்னிடமும் சொன்னார். ஆமாம் என்றேன்.

கொல்லைமேட்டில் போன ஆடியில் கடைசி மல்லித் தோட்டத்தையும் பிடுங்கித் தைலமரம் வைத்துவிட்டார்கள். செங்கம்மா கொண்டுவந்த மாலை புத்தூரில் கடையில் வாங்கியது.