மறுபடி மோட்டார் செய்யப் பார்த்தோம்

செம்பூரில் மிக்ஸி செய்கிற சின்னக் கம்பெனியில் நானும் என் வீட்டுக்காரரும் வேலை பார்த்தோம். தாராவியிலிருந்து ஒரே பஸ்ஸில் போய் வருவோம். மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றுவது என் வேலை. அவர் பிளாஸ்டிக் பாடி வார்க்கிற மெஷினில் இருந்தார்.

முதலில் மோட்டார் மட்டும் சீனாவிலிருந்து வந்தது. கம்பி சுற்றுகிற மெஷின்களைத் துணி போட்டு மூடிவிட்டு, என்னை ஸ்க்ரூ முடுக்குகிற மேஜைக்கு மாற்றினார்கள். பிறகு பாடியும் வந்தது. கடைசியில் முழு மிக்ஸியே பெட்டியோடு வந்து இறங்கியது. எங்கள் கம்பெனி ஸ்டிக்கரை ஒட்டுவதுதான் மிச்சமிருந்த வேலை. பாதிப் பேரை நிறுத்திவிட்டார்கள். எங்களை நிறுத்தவில்லை என்பதில் எனக்கு அப்போது சந்தோஷம்கூட இருந்தது.

போன வருடம் பெரிய ஆர்டர் ஒன்று வந்தது. சீனாப் பொருளாக இருக்கக் கூடாது என்பது நிபந்தனை. கம்பெனி முதலாளி சேட் எங்களைக் கூப்பிட்டு, பழையபடி நாமே செய்வோம் என்று இந்தியில் சொன்னார்.

"ஏளா, நீ கம்பியச் சுத்து. மத்தத நான் பாத்துக்கிடுதேன்," என்றார் என் வீட்டுக்காரர். அவர் அப்படிச் சிரித்துப் பேசி வெகுநாள் ஆகியிருந்தது.

துணியை விலக்கி மெஷினை ஓடவிட்டேன். ஓடியது. ஆனால் எங்களுக்குக் கம்பி கொடுத்த காட்கோபர் பட்டறை இப்போது மொபைல் கடை. இரும்புத் தகடு வெட்டித் தந்தவர் பிரஸ்ஸை விற்றுவிட்டு ஊருக்கே போய்விட்டார். பாடி வார்க்கிற அச்சை சேட்டே பழைய இரும்புக்குப் போட்டிருந்தார். புது அச்சு செய்ய ஆள் தேடி என் வீட்டுக்காரர் அலைந்தார். அந்த வேலை தெரிந்த ஒருவர் கிடைத்தார்; இப்போது பைக்கில் வீடு வீடாகச் சாப்பாடு டெலிவரி செய்கிறார்.

"அண்ணாச்சி, மெஷினக் காட்டுங்க, நாளைக்கே வாரேன்," என்றாராம். ஆனால் காட்டுவதற்கு அச்சு வெட்டுகிற மெஷின் எங்கேயும் இல்லை.

கிடைத்த கம்பியையும் தகட்டையும் வைத்துச் சில மோட்டார்கள் செய்தோம். கொஞ்ச நேரம் ஓடிவிட்டுப் புகைந்தன. எதனால் என்று கண்டுபிடிக்கத் தெரிந்த இன்ஜினியர் எப்போதோ துபாய்க்குப் போய்விட்டார். சேட் கோபப்படவில்லை. "சோடோ," என்றார். விட்டுத்தள்ளு என்று அர்த்தம். ஆர்டர் கையைவிட்டுப் போயிற்று. பிறகு கட்டடத்தை ஆன்லைன் பார்சல் கோடவுனுக்கு வாடகைக்கு விட்டார். நாங்கள் இப்போது அங்கேதான் டேப் ஒட்டுகிறோம்.

எங்கள் மகள் மெக்கானிக்கல் டிப்ளமோ படிக்கிறாள். ஏதாவது ஒரு கம்பெனியில் ட்ரெய்னிங் எடுத்தாக வேண்டும்.

"பப்பா, உங்க கம்பெனில கேட்டுப் பாக்கீங்களா?"

"அங்கன படிக்கதுக்கு ஒண்ணுமில்ல, மக்கா," என்றார் இவர்.

வேறு எங்கே போகலாம் என்று அவள் கேட்டாள். எங்களுக்குத் தெரிந்த பட்டறைகளை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தோம்; எல்லாம் மூடியவைதான். சோற்றுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு அவள் எழுந்து போனாள்.