கரையான் தின்ற தாள்

இன்று காலை கடலூரிலிருந்து எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்த மருந்துப் பெட்டியைப் பிரித்தேன். வைக்கோல், பினாயில், நனைந்த அட்டை என்று வாசனைகள் வரிசையாக வந்தன. குப்பிகளைச் சுற்றியிருந்தவை ஏதோ இங்கிலீஷ் கதைப் புத்தகத்தின் தாள்கள். கதைகளுக்கு இதைவிட நல்ல உபயோகம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

வில்லியனூரில் எங்களுக்கு இங்கிலீஷ் கற்பித்த வாத்தியாரைப் பிரெஞ்சு மரியாதையில் முசே என்போம். பிரெஞ்சு ராஜ்யத்தில் இங்கிலீஷை யார் சீந்துவார்கள்? கடலூரில் நர்ஸ் படிப்புக்கு அது வேண்டும் என்பதால் நானும் என் சிநேகிதி ரொசாலியும் அவர் வீட்டுக் கூடத்தில் போய் உட்கார்ந்தோம். "கதை மனசுல பூந்துட்டா படிப்பு தானா வந்துடும்" என்பது அவர் சித்தாந்தம். அவர் வரி வரியாகச் சொல்ல, நாங்கள் திருப்பிச் சொல்வோம். இருந்தது ஒரே புத்தகம். அதில் குடையைத் தொலைத்த கிழவன் கதையின் நடுத்தாளைக் கரையான் தின்றிருந்தது. அந்த இடத்தைத் தமிழில் நடித்துக் காட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குத் தாவிவிடுவார். ஞாயிறு பூசை முடிந்ததும் பெற்றோர் முன்னால் வாசிப்பு. ரொசாலி வாசித்தால் அவள் அப்பா கண்ணைத் துடைத்துக்கொள்வார். முசேக்கு வாழைத்தார் வரும்.

எனக்கு மனப்பாடம் வராது. எழுத்துக் கூட்டித்தான் நகர்வேன். "மாட்டுவண்டி ஒதியம்பட்டு போயி திரும்பிடுச்சி, நீ இன்னும் மொத வரியிலயே கீறியா?" என்பார்.

ரொசாலிக்குத்தான் நர்ஸ் படிப்பில் இடம் அவசியம். கிடைக்காவிட்டால் கரையாம்புத்தூரில் மனைவியை இழந்த ஒருவருக்குக் கட்டிக்கொடுப்பது என்று வீட்டில் முடிவாகியிருந்தது.

கடலூரில் ஆள் எடுக்கும் நாளில் மேட்ரன் வாசிக்கச் சொல்லி நீட்டியது அதே புத்தகம், அதே கதை. ரொசாலி என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு மணிமணியாக வாசித்தாள். இந்தப் பிரதியில் நடுத்தாள் இருந்தது. தாளில் கிழவன் இன்னும் தேடிக்கொண்டிருக்க, அவள் வாயில் குடை கிடைத்துவிட்டது. மேட்ரன் மெதுவாகப் பக்கத்தின்மேல் உள்ளங்கையை வைத்தார். ரொசாலி நிறுத்தாமல் வாசித்துக்கொண்டே போனாள்.

என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். மந்தபுத்தியின் சம்பாத்தியம்.

முசேயிடம் போய்ச் சொன்னோம். "கதையில இன்னா தப்பு? அந்தம்மா ஏன் கைய வெச்சாங்க?" என்றார்.

அந்தக் கூடத்தில் இப்போது நெல்மூட்டைகள். வாழைத்தார்கள் சந்தைக்குப் போகின்றன. எனக்கு வருத்தமில்லை. மூத்தாள் பிள்ளைக்கு மருந்து வாங்க ரொசாலி இங்கே வருவாள். இன்றும் வந்தாள். வேளைகளைச் சீட்டில் எழுதப் பேனாவை எடுத்தேன்.

"எழுதாதடி. வாயால சொல்லு, போதும்."

சொன்னேன். ஒரு சொல் பிசகாமல் திருப்பிச் சொல்லிவிட்டுப் போனாள்.