உம்மாவின் வெள்ளி இரவும் துருக்கியின் புது எழுத்தும்

துருக்கியிலேயே துருக்கித் தொப்பியைத் தடைசெய்து சில வருஷங்கள் ஆகியும் வாப்பா அதைக் கழற்றவில்லை. ரங்கூனில், சூலே பகோடாவுக்குப் பின்தெருவில் குடைக்கடை வைத்திருந்தவருக்கு அங்காராவின் சட்டம் எதற்கு? ஆனால் அந்த ஊர்ச் செய்தி ஒன்றையும் விடமாட்டார். தமிழ்ப் பத்திரிகையை உரக்க வாசிப்பார், அவரே கோபித்துக்கொள்வார். அங்கே மதரஸாக்களை மூடியபோது கொஞ்ச நாள் சரியாகச் சாப்பிடவே இல்லை.

எனக்குப் பன்னிரண்டு வயது முடிந்ததும் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தப்போவதாகப் பேச்சு எழுந்தது. அழுகை அழுகையாக வந்தது எனக்கு.

உம்மாவுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. அரபு எழுத்தில் எழுதிய தமிழைத்தான் வாசிப்பாள். எங்கள் பெண்களுக்கு அப்போது அதுதான் படிப்பு. வியாழக்கிழமை பொழுது சாய்ந்தால் எங்களுக்கு வெள்ளி இரவு. மக்ரிப் தொழுகை முடிந்ததும் தெருப் பெண்கள் எங்கள் வீட்டில் கூடுவார்கள். உம்மா நபிமார் கதைகளை ராகம்போட்டு வாசிப்பாள். மற்றவர்கள் ஊறிய தேயிலையான லபேயைத் தின்றுகொண்டே கேட்பார்கள். நடுப்பாய் அவளுடையது. அந்த நேரத்தில் வாப்பாகூட வாசலோடு நின்றுவிடுவார்.

ஒருநாள் காலை வாப்பா பத்திரிகையைத் தரையில் அடித்தார்.

"கேட்டியா? துருக்கியில பழைய எழுத்து இனிமே கூடாதாம். வெள்ளக்காரன் எழுத்தாம். ஆம்பள பொம்பள எல்லாரும் கரும்பலகைக்கு முன்னால உக்காந்து படிக்கணுமாம். படிப்பு படிப்புன்னா இப்படித்தான் போவும். நம்ம புள்ள படிச்சது போதும்."

உம்மா அரிசி புடைப்பதை நிறுத்தினாள்.

"அப்போ, பழைய எழுத்துல ஓதின பொம்பளைங்க?"

"அவங்களும் முதல்லேருந்துதான்."

உம்மா அவருக்குத்தான் ஒத்து ஊதுவாள் என்று நினைத்தேன். பழைய எழுத்து அவளுடையதாயிற்றே.

"நேத்து வரைக்கும் ஓதிக் குடுத்தவ, இன்னைக்கு ஒண்ணும் தெரியாதவ. பாவம்," என்றாள். பிறகு, "எம் புள்ள பள்ளிக்கூடம் போவட்டும். அந்தக் கதி அவளுக்கு வேணாம்."

அவள் வாப்பாவை எதிர்த்துப் பேசி நான் கேட்டதே இல்லை. அவரும் கேட்டிருக்கமாட்டார். தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டார்.

நான் தொடர்ந்து படித்தேன். கொஞ்ச காலம் கழித்து நாகப்பட்டினத்துக் கப்பலில் ஒரு புதுக் கதைப் புத்தகம் வந்தது. முழுக்கத் தமிழ் அச்சு. பெண்களுக்கு அதைக் கேட்க ஒரே ஆசை. உம்மா புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தாள். என்னைக் கூப்பிட்டு நடுப்பாயில் உட்காரவைத்துவிட்டு, எழுந்துபோய்க் கதவோரம், கேட்பவர்களோடு உட்கார்ந்தாள். எனக்குப் பெருமையாக இருந்திருக்கவேண்டும். வரிக்கு வரி கதவோரம் பார்த்துக்கொண்டே வாசித்தேன்.

எல்லோரும் போன பிறகு, பாயைச் சுருட்டிக்கொண்டே கேட்டாள்:

"துருக்கியிலயும் இப்படித்தான் எந்திரிச்சுப்போய் உக்காந்திருப்பாங்க, இல்ல?"