பருப்பு வேகும் தண்ணீர்

இப்போதெல்லாம் எக்ஸ்ரே படத்துக்கு வாசனையே கிடையாது. போன வாரம் அதியமான்கோட்டைக்குப் பக்கத்தில் மகன் பைக்கோடு சாய்ந்துவிட்டான். தருமபுரி ஸ்கேன் சென்டருக்கு அள்ளிக்கொண்டு ஓடினோம். எடுத்த சுருக்கில் படம் கம்ப்யூட்டரில் வந்துவிட்டது. எலும்பு எதுவும் முறியவில்லை. அப்பாடா என்று உட்காரப் போன என்னிடம் டாக்டர் கேட்டார்: "சின்ன வயசுல பையன் எந்தத் தண்ணி குடிச்சான்?"

திரையில் அவன் இடுப்பெலும்பு இருக்க வேண்டியதைவிடக் கொஞ்சம் கூடுதலாக வெளுத்திருந்தது. அவர் விளக்குவதற்கு முன்பே எனக்குப் புரிந்துவிட்டது. இதை எழுதும்போதும் மனது ஒரு நிலைக்கு வரவில்லை.

வாசனை என்றேன் அல்லவா. விலங்கியல் படித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்த காலத்தில், ஒரு மருத்துவக் கல்லூரியின் உடற்கூறியல் துறையில் ஆய்வு உதவியாளராகச் சேர்ந்தேன். எங்கள் மாவட்டத்து நிலத்தடித் தண்ணீரில் இருக்கும் ஃபுளோரைடு எலும்பை என்ன செய்கிறது என்று பார்க்கும் ஆய்வு. கழுவிய படங்களை இருட்டறையில் துணி காயப்போடுவதுபோல் கிளிப் மாட்டித் தொங்கவிடுவோம். படம் கழுவும் மருந்தின் காடி நெடி சேலையில் ஏறிவிடும். பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மா ஒருநாள், ஊறுகாய்ப் பானை ஏதாவது உடைந்துவிட்டதா என்று என் பையை எட்டிப் பார்த்தார்.

மொரப்பூரில் ரயிலிறங்கி ஊர் ஊராகப் போவோம். என் வேலை கிட்டத்தட்ட டிரில் மாஸ்டர் வேலைதான். முட்டி மடங்காமல் குனிந்து கால்விரலைத் தொடச் சொல்வேன். தாடையை நெஞ்சில் வைக்கச் சொல்வேன். இரண்டு கையையும் பிடரிக்குப் பின்னால் கோக்கச் சொல்வேன். யாராருக்கு வளையவில்லையோ அவர்களை வண்டியில் ஏற்றிப் படமெடுக்க அனுப்புவோம். இரவல் வெள்ளைக் கோட்டு முழங்காலுக்குக் கீழே தொங்க, நானே முதலில் குனிந்து காட்டுவேன். ஊரே சிரிக்கும்.

மாதப்பன் என்று ஒருவர். நாற்பதைத் தாண்டியிருப்பார். முதுகும் கழுத்தும் ஒரே கட்டையாக இறுகிப்போய், கூப்பிட்டால் உடம்போடு திரும்புவார். தாடையை இறக்குங்கள் என்றதற்கு, "நான் ஆருக்கும் தல குனியறதில்லீங்க மேடம். மந்திரியே வந்தாலும் இப்படித்தான் நிப்பேன்" என்றார். எல்லோரும் சிரித்தோம். அவர் மனைவி சிரிக்கவில்லை.

அந்த வீட்டில்தான் சாப்பாடு. பருப்பு அப்படி ஒரு ருசி. ஆய்வை நடத்திய எங்கள் பேராசிரியர் மனம்விட்டுப் பாராட்டினார். அந்த அம்மாவுக்கு முகமெல்லாம் பூரிப்பு. எல்லாம் ஆழ்குழாய்ப் போர் தண்ணீரின் வாகு என்றார். ஊருக்கு நடுவில் ஒரு பழைய கிணறும் இருந்தது. அதன் தண்ணீரில் பருப்பு நாளெல்லாம் கொதித்தாலும் கல்லாகவே கிடக்குமாம். அதனால் அந்தத் தண்ணீரை மாட்டுக்கு விட்டுவிட்டு, பருப்பு பூவாக வேகும் போர் தண்ணீரையே ஊர் முழுக்கக் குடித்துக்கொண்டிருந்தது. சுண்ணாம்பு குறைந்த தண்ணீரில் பருப்பு சீக்கிரம் வேகும். பரிசோதித்துப் பார்த்தால் அங்கே அதே தண்ணீரில்தான் ஃபுளோரைடு ஏறிக் கிடந்தது. கிணற்றில் ஒன்றுமில்லை.

அதைச் சொல்லப் போனோம். அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "வேவாத தண்ணி நல்லதுங்கறீங்க, வேவற தண்ணி ஆவாதுங்கறீங்க. நீங்க வூட்ல சமைக்கறதே இல்லீங்களா?"

இல்லைதான். கல்யாணத்துக்குப் பிறகே அடுப்பைத் தொட்டேன். வாக்கப்பட்ட ஊரிலும் போர் தண்ணீர்தான். ஒகேனக்கல் தண்ணீர் குழாயில் வந்தபோது மகன் பள்ளிக்கூடத்தில் பாதி வகுப்புகளைத் தாண்டியிருந்தான். வந்த பிறகும் அது குடிக்க மட்டும். உலை வைக்க ரொம்ப காலம் போர் தண்ணீர்தான். படித்த மருமகள் சொல்லி எந்த அடுப்படி மாறியிருக்கிறது, சொல்லுங்கள்.

ஸ்கேன் சென்டரிலிருந்து வந்ததும் மகனை நிற்கவைத்து, தாடையை நெஞ்சில் வை என்றேன்.

"என்னம்மா, பி.டி. பீரியடா?"

"வைடா."

வைத்தான். சுலபமாக வளைந்தது. டாக்டரும், இப்போது பயமில்லை, தண்ணீரை மாற்றிவிட்டீர்கள், பார்க்கலாம் என்றுதான் சொல்லியிருந்தார். அந்தப் பார்க்கலாம்தான் என்னைத் தின்கிறது. இவன் வயதில் மாதப்பனுக்கும் கழுத்து வளைந்துதானே இருக்கும்.

அந்த ஆய்வில் இவன் வயதுப் பையன்களும் இருந்தார்கள். உடம்பு வில்லாய் வளையும், படத்தில் மட்டும் ஃபுளோரைடு ஏறிய எலும்பு வெளுத்திருக்கும். பேராசிரியர் அந்தப் படங்களை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு சொல்வார்: "இவங்கள இருவது வருசம் கழிச்சு மறுபடி எடுக்கணும்மா. அப்பத்தான் இது நிக்குமா ஏறுமான்னு தெரியும்." யாரும் எடுக்கவில்லை. ஆய்வு முடிந்தது, அவருக்கு மாற்றல் வந்தது, பிறகு அவரும் காலமாகிவிட்டார்.

நேற்று அந்தக் கல்லூரிக்குப் போனேன். அந்தப் பையன்களைக் கண்டுபிடித்தால், இப்போது எப்படி நடக்கிறார்கள் என்றாவது பார்க்கலாமே. இருட்டறை இருந்த இடத்தில் ஏசி அறை. அங்கிருந்த பெண் மரியாதையாக நாற்காலி போட்டாள். "பழைய ஃபிலிமெல்லாம் ஏலத்துல போயிடுச்சுங்க மேடம். அதுல வெள்ளி இருக்குதுல்லீங்களா, கரைச்சு எடுக்கறவங்க வந்து அள்ளிட்டுப் போயிட்டாங்க."

அந்த வெள்ளி சேலத்துப் பட்டறை எதற்காவது போயிருக்கும். யார் வீட்டுக் குழந்தையின் காலிலோ இப்போது கொலுசாக இருக்கும். படம் போனால் என்ன, ஆளைத் தேடலாமே என்பீர்கள். பெயரையும் ஊரையும் அந்தப் படங்களின் மூலையில்தான் எழுதிவைத்திருந்தோம்.